பயந்தாள் வேலி

கொழும்புக்குத் தோணி ஓடின காலம். தேரிக்காட்டில் செம்மண் காற்றோடு எழுந்து ஊர் ஊராக நடந்த காலம். அந்தக் காலத்தில் சிலுவைத்தேரி என்று ஓர் ஊர். அந்த ஊரில் பிரகாசி என்று ஒருத்தி இருந்தாளாம். எல்லாவற்றுக்கும் பயப்படுவாளாம். பல்லி கத்தினால் பயம். பிள்ளை இருமினால் பயம். இருமாமல் தூங்கினால் அதைவிடப் பயம், மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாளாம். ஊரே அவளைப் 'பயந்தாள்' என்றுதான் கூப்பிட்டது. அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாளாம்.

அவள் புருஷன் சந்தியாகு மூட்டை தூக்கிச் சம்பாதிக்கக் கொழும்புக்குப் போயிருந்தான். அப்போது மூத்தவள் மிக்கேலாளுக்கு ஆறு வயது, ஞானப்புக்கு நாலு, அருளாயி வயிற்றில். "வீட்டப் பாத்துக்க, வந்துருவேன்" என்று தோணி ஏறினவன்தான். மூன்று வருஷம் ஆச்சு. ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை.

அந்த ஆடியில் மேற்கே இருந்து மேல்காத்து அடித்தது பாருங்கள், அப்படி அடித்ததாம். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் முழங்கால் மண். அள்ளிக் கொட்டினால் மறுநாளும் முழங்கால் மண். மேற்கே இருந்த இரண்டு வீடுகள் கூரையோடு மூடிப்போயின. ஊர் மூட்டை கட்டிக் கிழக்கே போக ஆரம்பித்தது. கொழுந்தன் தொம்மை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறுங்க மைனி."

"ஏறிட்டா? அவுக வந்து எங்கன தேடுவாக?"

"அண்ணன் என்ன பச்சப்பிள்ளையா? விசாரிச்சு வருவான்."

"விசாரிக்க ஊருல யாரு இருப்பா? மண்ணப் பாப்பாக. நாங்களும் உள்ளதான் கிடக்கோம்னு நெனச்சு அப்படியே திரும்பிருவாக."

வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இருக்கவும் பயம், ஏறவும் பயம். ஏறுகிற பயம் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் இருந்துவிட்டாள். அவள் தைரியசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"அடுத்த ஆடி வரைக்கும்தான். அப்புறம் உங்களக் கேக்க மாட்டேன், தூக்கி வண்டியில போட்டுருவேன்" என்று தொம்மை போனான்.

ஓலை வேலி கட்டினாள், காற்று கொண்டுபோச்சு. முள்ளை வெட்டிப் போட்டாள். மண் அதன்மேல் ஏறி நடந்தது. ஒருநாள் ஞானப்பு ஓடிவந்தானாம்.

"எம்மா, கத்தாழைக்கு அந்தப் பக்கம் மண்ணு குமிஞ்சு கிடக்கு. இந்தப் பக்கம் இல்லியே!"

போய்ப் பார்த்தால் நிசம். அடுப்பங்கரைக்குப் பின்னால் இருந்த சோற்றுக்கற்றாழைத் தூரில் முட்டி மண் நின்றிருந்தது. ஒரு தூரு ஒரு முழத்தைக் காக்கிறது. வீட்டைச் சுற்றிக் காக்க எத்தனை தூரு வேண்டும்?

தாய்ச்செடியைச் சுற்றிக் குட்டிகள் இருந்தன. பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்தெடுத்தாள். பிரித்தவள் என்ன செய்தாள்? பெற்றவள் செய்கிறதைச் செய்தாள். குளிப்பாட்டினாள். வெட்டுவாயில் ஈரத்துணி சுற்றினாள். உடைந்த பானைகளில் நட்டு, குடிக்கிற குடத்திலிருந்து மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினாள். எட்டாம் நாள் எல்லாம் கொழகொழவென்று அழுகி நாறின. ஞானப்பு குழி தோண்டி, ஒரு பரமண்டல செபம் சொல்லி அடக்கம் செய்தானாம்.

அரிசி கொண்டுவந்த தொம்மை சிரித்தான். "தேரிக்காட்டுல கத்தாழையத் தண்ணி ஊத்திக் கொன்ன ஒரே பொம்பள நீங்கதான் மைனி!"

பிரகாசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீடு போச்சு என்றே நினைத்தாள்.

ஆனால் நாலு குட்டி மிச்சம் இருந்தது. அருளாயி பொம்மையாக வைத்து விளையாட எடுத்துப்போய், கோழிக்கூட்டுக் கூரையில் தூங்கவைத்துவிட்டு மறந்த குட்டிகள். பத்து நாள் வெயிலில் கிடந்தன. மிக்கேலாள் எடுத்துப் பார்த்தாள். வெட்டுவாய் முட்டியில் புண் ஆறின மாதிரிப் பொருக்குத் தட்டியிருந்தது. அம்மாவிடம் சொன்னால் குடத்தோடு வருவாள் என்று, சொல்லாமலே காய்ந்த மணலில் நட்டார்கள்.

மாதம் ஒன்று போச்சு. பிரகாசி தற்செயலாகப் பார்த்தாள். நாலிலும் நடுவே புதுக்குருத்து, கிளிமூக்கு மாதிரி.

"இதுக்கு யாருட்டி தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தல. அதான் இருக்கு."

குடத்தைத் தூக்கப் போனாளாம். மூன்று பிள்ளைகளும் குறுக்கே நின்று "எம்மா, கை!" என்று கத்தினார்களாம். அன்றிலிருந்து கை நீளும்போதெல்லாம் இதே கூத்துதான். அவளும் கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்திலேயே நின்று பயந்தாள்.

ஊர் விட்டுப்போன கொல்லைகளில் எல்லாம் கற்றாழை கிடந்தது. பிள்ளைகள் கடகம் கடகமாகக் குட்டி கொண்டுவந்தார்கள். கோழிக்கூட்டுக் கூரையில் காயப்போட்டு, சிரட்டையிலும் ஓட்டுப்பானையிலும் வேர் பிடிக்கவிட்டு, மேற்கே வரிசை வரிசையாக நட்டார்கள். ஒவ்வொரு குட்டியைப் பிரிக்கும்போதும் பிரகாசி கண் கலங்குவாள். "அதுபாட்டுக்குத் தாயோட இருக்கட்டுமேட்டி."

"ஒட்டிக்கிட்டே கிடந்தா வேலி எப்படிம்மா நீளும்?" என்பாள் மிக்கேலாள்.

அருளாயிக்கு மூன்று வயது நெருங்கியும் பால் மறக்கடிக்கவில்லை. மிக்கேலாள் அப்படிச் சொன்ன ஒருநாள் சாயங்காலம், பிரகாசி கற்றாழைக் கசப்பை மார்பில் தடவிக்கொண்டு உட்கார்ந்தாளாம். பிள்ளை வாய் வைத்தது, முகத்தைச் சுளித்தது, வீறிட்டது. தாயும் சேர்ந்து அழுதாள். அக்காளும் அண்ணனும் சின்னவளைத் தூக்கிப்போய், கையில் ஒரு காய்ந்த குட்டியைக் கொடுத்து வேலிக் கடைசியில் நடவைத்தார்கள். அழுகை நின்றது.

ஆடி வந்தது. காற்று வந்தது. தொம்மை வண்டியோடு வந்தான். மண் வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரம் ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது. வாசலில் ஒரு பிடி மண் இல்லை. தொம்மை மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, "கஞ்சி இருக்கா மைனி?" என்றானாம்.

இன்னும் இரண்டு வருஷம் கழித்து, மேற்கே இருந்து ஒருத்தன் தகரப்பெட்டியோடு மண்மேட்டில் ஏறி வந்தான். ஊரைக் காணோம். மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். கீழே பச்சை வேலி, வேலிக்குள் ஒரு சின்னப் பிள்ளை.

"அங்கன காலு வைக்காதேயும், குட்டி இருக்கு" என்றது பிள்ளை.

"நீ யாரு மவ தாயி?"

"சந்தியாகு மவ."

"சந்தியாகு எங்க?"

"கொழும்புல. எங்க அய்யா வந்தா வீடு தெரியணும்லா, அதுக்குத்தான் மண்ண நிப்பாட்டி வச்சிருக்கோம்."

அவன் பெட்டியை விட்டுவிட்டு, மண்ணோடு சறுக்கிக்கொண்டே இறங்கினான் என்று சொல்லுவார்கள்.

போன சனம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. இன்றைக்கும் சிலுவைத்தேரியில் பிள்ளைக்குப் பால் மறக்கடித்தால், மூத்த பிள்ளைகள் ஒரு கற்றாழைக் குட்டியைப் பிரித்துக் கூரையில் ஏழு நாள் காயப்போடுவார்கள். எட்டாம் நாள் அந்தச் சின்னக் கையாலேயே வேலிக் கடைசியில் நடவைப்பார்கள். தாய்க்காரி தூரத்தில் நின்று பார்க்கலாம், கிட்டே போகக் கூடாது. அதனால்தான் வேலி வருஷா வருஷம் நீள்கிறது. வெளியூர்க்காரர்கள் 'பயந்தாள் வேலி' என்ற அதன் பேரைக் கேட்டுவிட்டு, பயந்தாள் யாரோ அம்மன் என்று கும்பிட்டுப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் அதைத் திருத்துவதில்லை.