கோபுரத்தைக் கண்டதும்

நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முந்தின வருடம். நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் போகும் பஸ். முன் இருக்கையில் இருவர். பெரியவர் குரலை உயர்த்தவே இல்லை.

"மடைத் தண்ணிச் சண்டையில என் தம்பிய அடுத்த வயல்காரன் மண்வெட்டியால வெட்டுனத நீ கண்ணால கண்டே. கோர்ட்டுல பார்க்கலேன்னுட்டியே, மக்கா."

இளையவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சரின்னும் தப்புன்னும் உலகத்துல ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. எல்லாம் நாம சொல்லிக்கிடுகதுதான். நான் எந்தப் பக்கமும் இல்ல."

"வெட்டுனவன் இப்பம் வீட்டுல இருந்து சோறு திங்கான். அப்பம் நீ எந்தப் பக்கம்?"



வயல்களுக்கு அப்பால் கோபுரம் தெரிந்தது. இளையவரின் கை தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தப்பே கெடையாதுன்னா, எதுக்கு மக்கா கன்னத்துல போட்டுக்கிட்டே?"