வாய் கேட்ட கல்

மதியம் இரண்டு மணி. ஜூலை மாதம். கிரேக்க நாட்டின் தென்கோடியில், மானியில், கடலை விட்டு மலைக்கு ஏறும் கல் சாலை... ஈ காக்கை இல்லை.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்து ஜூலை மதியத்தைப் பார்த்ததில்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். ஊரே தூங்கும். அந்த நேரத்தில் வெளியே நின்று குரல் எழுப்பக் கூடாது. மானியில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் தனாசிஸின் சித்தி மகள் அர்கிரோவுக்கு நடந்தது.

அப்போது அவள் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மாணவர் கூட்டத்துக்கு வழிகாட்டி. மூன்றே வாரத்தில் கிரேக்க வரலாறு, பண்பாடு எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிற படிப்பு அது! பேருந்தில் வாயைப் பிளந்து தூங்குவார்கள். கோயில் வந்ததும் இறங்கித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்வார்கள். மூக்குத் தோல் வெயிலில் உரிந்து தொங்கும். "கடற்கரைக்கு எப்பப் போறோம்?" இதைத் தவிர அவளிடம் அவர்கள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அவர்களையாவது மன்னிக்கலாம். பேராசிரியர் பெல்லிங்கம் இருக்கிறாரே... காபிக் கடையில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கிரேக்க மொழியில் காபி கேட்பார். அந்தக் காலத்தில் காபியே கிடையாது. கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். உடனே இவர் மாணவர்கள் பக்கம் திரும்புவார்.

"பாத்தீங்களா? சொந்த மொழியே மறந்துபோச்சு. இவங்க கிரேக்கர்கள் இல்ல... கிரேக்கர்கள் வீட்ல வாடகைக்கு இருக்கறவங்க."

அர்கிரோ பக்கத்திலேயே நிற்பாள். கூட்டம் சிரிக்கும். அவளும் பல்லைக் காட்டுவாள். உள்ளுக்குள் அந்த மனிதரைக் காறித் துப்புவாள்.

அன்றைக்கு அந்தச் சாலையில் பெல்லிங்கம் பேருந்தை நிறுத்தச் சொன்னார். ஓர் இடிந்த தேவாலயம். அதன் பின்சுவரில் பழங்காலக் கல்லறைக் கல் ஒன்றைப் பதித்திருந்தார்கள். கையில் பந்தோடு ஒரு சிறுமியின் உருவம் அதில் செதுக்கியிருந்தது. மூக்கு உடைந்திருந்தது. கீழே நாலு வரி எழுத்து.

"வழிப்போக்கன் வாய்விட்டுப் படிக்கணும்னு வச்ச கல்லு இது. செத்தவங்களுக்குக் குரல் கிடையாதில்ல? நம்மகிட்டக் கடன் கேக்கறாங்க... பாவம்."

படித்தார். 'வழிப்போக்கனே, நான் மெலித்தா. சின்னவள். பேசி முடிக்கும் முன்னே மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். உன் வாயைக் கொஞ்சம் கொடு.'

"இத்துனூண்டு பொண்ணுக்கு என்ன ஒரு பேராசை!" என்றார். கூட்டம் சிரித்தது.

போகலாம் என்று அர்கிரோ சொல்லியிருக்கலாம். என்ன நேரம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் தேனாகக் குழைந்தாள். "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல, ப்ரொஃபசர். இன்னொரு தரம்... நல்லா சத்தமா?"

தொண்டை கட்டட்டும். இரண்டு நாள் இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

அவர் நெஞ்சை நிமிர்த்தி மலையே அதிரப் படித்தார். முடித்துவிட்டுக் கல்லுக்கு ஒரு வணக்கம் வேறு போட்டார். "எடுத்துக்கோம்மா. தாராளமா எடுத்துக்கோ."

முதலில் வாசனை வந்தது... அப்போதுதான் தோண்டிய ஈர மண். ஏப்ரலுக்குப் பிறகு அங்கே ஒரு துளி மழை இல்லை. பிறகு ஒரு சத்தம். குழந்தை பழத்தைக் கடைசி வரை உறிஞ்சினால் வருமே... ப்ச். அவ்வளவுதான்.

பெல்லிங்கம் மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. நடிக்கிறார் என்று மாணவர்கள் கைதட்டினார்கள். அர்கிரோவும் தட்டினாள். அப்புறம்தான் அவர் கண்ணைப் பார்த்தாள்.

பக்கத்து நகரமான கலமாட்டாவின் மருத்துவமனையில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். "எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்றார் டாக்டர். விமானம் ஏற்றி அவரை ஊருக்கு அனுப்பினார்கள். மாணவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். வேண்டியதுதான் அந்த ஆளுக்கு என்று அர்கிரோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஒரு மதியம் தொலைபேசி அடித்தது. பெல்லிங்கத்தின் மனைவி, முரியல்.

"பேச்சு வந்துடுச்சும்மா. மதியம் தூங்கறப்ப மட்டும். ஆனா குரல் அவரோடது இல்ல... ஒரு சின்னப் பொண்ணு."

அந்த அம்மாளின் பேச்சில் பயமே இல்லை.

"எங்களுக்குக் குழந்தை இல்ல, தெரியுமா? முதல்ல அவ பேசறது ஒண்ணுமே புரியல. பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். இப்ப எங்க பாஷை நல்லாவே வருது அவளுக்கு."

"ப்ரொஃபசர்... எப்படி இருக்கார்?"

"யாரு? ...ஓ, அவரா. அவர் இப்பல்லாம் எழுந்திருக்கறதே இல்ல."

அந்த அம்மாள் தொடர்ந்தாள்.

"அவளுக்கு உன்னைப் பத்தித்தான் ஓயாம பேச்சு. சத்தமா படிக்கச் சொன்னது நீதானாமே? நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு ஒரே பிடிவாதம். உன் விலாசம் கேட்டா. குழந்தைதானே... குடுத்துட்டேன்."

அர்கிரோ வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து மதியத்திலேர்ந்து வீடு அமைதியா இருக்கும்மா. அதான் கேக்கறேன்... அங்க வந்து சேந்துட்டாளா?"