எச்.பி. சார் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்

என்னை இந்தத் தெருவில் ‘வானொலி’ என்று கூப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் நடக்கும் எதுவும் எனக்குத் தெரியாமல் போகாது என்பதால்தான் அந்தப் பெயரையே வைத்தார்கள். வைத்தவர்கள் அந்த ஒரு இடத்தில் மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும் இன்ஸ்பெக்டர், இதில் உட்காருங்கள். போன தடவை வந்தபோது நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் ஏதாவது கேட்டதா என்று. இல்லை என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்த வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அரை மணி நேரம் பேசுகிறவள் நான். என்னைத் தெரிந்த ஒருவர் உங்களோடு வந்திருந்தால், அந்த ஒற்றை ‘இல்லை’யிலேயே சந்தேகப்பட்டிருப்பார்.

எச்.பி. சாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது ஒரு விழுந்த ரேக்கையும் அதற்கு அடியில் ஒருவரையும்தான். அது அவரை அறிமுகம் செய்துகொள்ளும் முறை இல்லை.

எச்.பி. என்றால் குதிரைத்திறன். அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டிராக்டர் உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் கல்யாணமாகித் தூரத்து ஊரில் இருக்கிறாள். மனிதர் வாழ்நாளில் ஒரு டிராக்டர் மேல் ஏறியதில்லை. தெருவைக் கடக்கவே கடைசி சைக்கிள் போகும்வரை நிற்பார். அவருக்கு வேண்டியது டிராக்டர் இல்லை. டிராக்டரை விற்பதற்காக அந்தக் காலத்தில் கம்பெனிகள் அச்சடித்துக் கொடுத்த புரோஷர். கல்யாணத்துக்குப் போய்ப் பெண்ணையும் பார்க்காமல் சாப்பிடவும் செய்யாமல் பத்திரிகையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வருகிற ஆளைப் போல.

கலப்பை, கதிரடிக்கும் இயந்திரம், விதைப்புக் கருவி, எல்லாவற்றுக்கும் புரோஷர் இருந்தது. என் படுக்கையறையை ஒட்டிய அவருடைய அறையில் தரையிலிருந்து கூரைவரை இரும்பு ரேக். நமக்கெல்லாம் காகிதம் என்றால் லேசான பொருள். அவர் வீட்டில் அது மூட்டை மூட்டையாகக் கனத்தது.

மத்தியானத்தில் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிப்பார். ‘முப்பத்தைந்து குதிரைத்திறன். எட்டு முன் கியர், இரண்டு பின் கியர். ஓட்டுநர் இருக்கை மெத்தை வைத்தது.’ எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நான் தலையணையை அந்தப் பக்கம் போட்டுப் படுத்திருப்பேன். ஒட்டுக்கேட்பது என்று சொல்ல முடியாது. என் கணவர் உயிரோடு இருந்தபோதே மத்தியானத்தில் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

என் வாய்க்கு ஒரு மரியாதை கிடைத்தது அவரால்தான். எந்தக் கடையை மூடப்போகிறார்கள், எந்த வீட்டில் பெரியவர் இறந்து பரணை ஒழிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத்தானே முதலில் வரும். ஒரு தடவை, செத்துப்போன மெக்கானிக்கின் மனைவி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு சிவப்பு டிராக்டர் எட்டிப் பார்த்தது. அலமாரிக்கு விரித்திருந்தார்கள். துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல், புதுத் தாள் வாங்கித் தருகிறேன் என்று பேரம் பேசி உருவிக்கொண்டு வந்தேன்.

எச்.பி. சார் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் உழுதுகொண்டிருக்கும் ஒருவன் படம். பின்னால் அதை விற்ற கடையின் ஊதா நிற ரப்பர் முத்திரை.

“அக்கா, இது எங்கயுமே இல்லக்கா. அந்தக் கடையும் இப்ப இல்ல. அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்ல இது ஒண்ணுதான் மிச்சம். உங்க காதுக்குக் கோயில் கட்டணும்.”

“வாய்க்குக் கட்டுங்க. காது சும்மா வாங்கித்தான் போடும். ஊர்ல கொண்டு சேர்க்கிறது வாய்தானே.”

அவர் சிரித்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்க நன்றாக இருந்ததால் நானும் திருத்தவில்லை.

பிறகு ஒருமுறை மகள் வீட்டுக்குப் போனார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். ஒரு மனுஷிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மீதி நேரத்தில் அந்த அறைக்குள் போனேன். புரோஷர்களை நடுவில் பிடித்திருந்த பின்கள் எல்லாம் துருவேறிக் கிடந்தன. துரு தாளைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டேப்ளர் ஒன்று வாங்கி வந்து, பழைய பின்களைக் கத்தி முனையால் பிடுங்கிவிட்டு, பளபளவென்று புதுப் பின் அடித்தேன். பாதி ரேக்கை முடித்தபோது விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. வந்து பார்த்தால் மனிதர் நெகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன்.

வந்தார். ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா... பழைய பின்னெல்லாம் எங்க?”

“துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. குப்பைல போட்டேன். வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு.”

அச்சகத்தில் அடித்த பின் அதே துளையில் இருந்தால்தான் அது அசல் பிரதியாம். பின் மாறியிருந்தால், நாலு கிழிந்த பிரதியிலிருந்து தாள் பொறுக்கிச் சேர்த்தது என்று சேகரிக்கிற மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்களாம். துருவைக்கூட அவர்கள் அப்படியே காப்பாற்றுவார்கள். இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாலு நாளில் சரியாகியிருக்கும். “இனிமே நான் கூப்பிட்டா மட்டும் வாங்க” என்றார். அவ்வளவுதான். வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. கடைசியில் ‘அக்கா’ இல்லை.

அன்று சாயங்காலம் வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சுவர் வழியாக ஒரு வரி தெளிவாகக் கேட்டது. “பக்கத்து வீட்டு அம்மா மொத்தத்துக்கும் புதுப் பின் அடிச்சு வெச்சிருக்கு.” வெச்சிருக்காங்க இல்லை. வெச்சிருக்கு. ஆட்டுக்குட்டி செடியை மேய்ந்துவிட்டுப் போனாலும் அப்படித்தான் சொல்வோம். அதன் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்ததைத்தான் நான் கேட்டேன். அந்தப் பக்கத்து ஆள் சும்மாவா இருந்திருப்பார்?

எப்படியோ செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. தையற்காரி என்னைப் பார்த்ததும், “அக்கா, ஜாக்கெட்டு கொக்கி போயிடுச்சு, ஒரு பின் அடிச்சுத் தர்றீங்களா?” என்றாள். மருந்துக்கடைக்காரர், “என்னக்கா, இன்னிக்குச் செய்திக்குப் புதுப் பின் அடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார். இத்தனை காலம் மற்றவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்று, என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டேன். அதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் கோபக்காரி இல்லை.

சாவியை மட்டும் அவர் திருப்பி வாங்கவில்லை. மகள் விடவில்லை. “அப்பா தனியா இருக்காரு, அவசரம்னா நீங்கதான் அத்தை” என்று என்னிடமே போனில் சொன்னாள். தங்கமான பெண்.

மழை தொடங்கிய சமயத்தில் என் ஜன்னல் கம்பியைச் சரிசெய்ய வெல்டர் வந்தார். பக்கத்து வீட்டு ரேக்கைச் சுவரில் பூட்டிக் கொடுத்ததும் அவர்தான். சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஊறிப்போய் இருக்கேக்கா. அந்தப் பக்கம் ரேக்கோட போல்ட்டெல்லாம் இதுலதான் நிக்குது. சார் அது மேல கால கீல வெச்சு ஏறினாருன்னா மொத்தமா வந்துடும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீங்க சொல்லிடுங்க. உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே.”

“சொல்லிடறேன்” என்றேன்.

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கூப்பிட்டால் மட்டும் வரச் சொல்லியிருந்தார். அவர் கூப்பிடவில்லை. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அவர் கடைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஒரு ‘அக்கா’ போட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கு என்ன செலவு?

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். மகள் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதபோது, நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். “உடனே போயிருப்பாரும்மா, வலியே தெரிஞ்சிருக்காது” என்று அவளிடம் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அது தப்பான செய்தி. அது இப்போது தெரு முழுக்கச் சுற்றுகிறது. மருந்துக்கடைக்காரர் என்னிடமே வந்து சொல்கிறார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், தப்பான செய்தியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் மட்டும் எனக்கு இல்லை. அதற்காகத்தான் உங்களை வரச் சொன்னேன்.

அது ஒரு மத்தியானம். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்திவிட்டு எதையோ எடுக்க ரேக்கில் ஏறியிருக்க வேண்டும். தகரம் நெளிகிற சத்தம். பிறகு விழுந்த சத்தம். இரும்பு விழுந்த மாதிரியே இல்லை. மேல்வீட்டில் யாரோ மெத்தையைக் கீழே போட்ட மாதிரி ‘தொப்’பென்று. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் லேசாக ஒரு நடுக்கம். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, “யாராவது இருக்கீங்களா?” என்றார்.

யாராவது. நான் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். சாவி என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பது யார் என்றும் தெரியும். அப்படியிருந்தும் யாராவது என்றுதான் கூப்பிட்டார். நான் யாராவது இல்லை. யாரோ ஒருத்தி என்று நினைத்துக் கூப்பிட்டால், யாரோ ஒருத்திதான் போக வேண்டும்.

தையற்காரி வாசலில் வந்து நின்றாள். “என்னக்கா, ஏதோ சத்தம் கேட்டுச்சே?”

“சார் பழைய பேப்பர் கட்டைத் தள்ளியிருப்பாரு. நீ போய்த் தையலைப் பாரு.”

நான் சொன்னால் அது செய்திதான். அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். “அத்தை, அப்பா போனே எடுக்கல. கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.”

“அப்பா ஊர்ல இல்லம்மா. எங்கயோ பழைய குடோன் ஒண்ண ஒழிக்கிறாங்களாம், புரோஷர் பார்க்கப் போயிருக்காரு. வர நாலஞ்சு நாள் ஆகும்னு சொல்லிட்டுப் போனாரு. போன வீட்லயே விட்டுட்டுப் போயிட்டாரு பாரு.”

“இவருக்கு வேற வேலையே இல்ல” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா ஆபத்தில் இருக்கிறார் என்று சொல்லி, அவ்வளவு தூரத்தில் இருக்கும் பெண்ணை ஏன் பதறவைக்க வேண்டும்?

புரோஷர்கள் எல்லாவற்றையும் இப்போது அந்தப் பெண் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் அறைதான், நீங்களே போய்ப் பார்க்கலாம். ஆனாலும் மத்தியானம் ஆனால் வாசிப்பு கேட்கிறது. கட்டிலை முன்னறைக்கு மாற்றிப் பார்த்தேன். முன்னறைச் சுவரில் கேட்டது. முன்னறைக்கு அந்தப் பக்கம் வீடே கிடையாது, தெருதான். குதிரைத்திறன், கியர், இருக்கை எல்லாம் வரிசை மாறாமல் வருகிறது. ஒரு இடத்தில் நிற்கிறது. அதற்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால், கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

என்ன பதில் என்று கேட்கிறீர்கள். அன்று சொன்ன அதே பதில்தான்.

மறுநாள் காலையில் அவர் சுவரைத் தட்டினார். தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குரல் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் வார்த்தை சுத்தமாக வந்தது. “அக்கா. அக்கா, ரேக் விழுந்துடுச்சுக்கா. கால எடுக்க முடியல. சாவி உங்ககிட்டதானே இருக்கு.”

ஆக, கூப்பிட்டார். கூப்பிடவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, எனக்குக் கை நீட்டும் தூரம். நான் சுவரில் வாயை வைத்து, “இதோ வர்றேன்” என்றேன். சொல்லிவிட்டு, போட்டு வைத்திருந்த டீ ஆறிவிடப் போகிறதே என்று வந்து உட்கார்ந்தேன். அதைப் பொய் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எழுந்து போகும்போதும் நாம் ‘வர்றேன்’ என்றுதானே சொல்கிறோம்.

அதற்குப் பிறகு அவர் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசிவரைக்கும் அந்த மனிதரை நிம்மதியாக வைத்திருந்தது நான்தான்.