டிராஃப்ட் செக்‌ஷன் சைத்ரா

காரைச் சனிக்கிழமை விற்கக் கூடாது. வாங்க வந்தவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். சனிக்கிழமை மதியம் வங்கியை மூடிவிடுவார்கள். அதன் பிறகு ஒரு காகிதம் உண்மையா பொய்யா என்று சொல்வதற்கு மைசூரில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் மட்டும் இருப்பேன்.

நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள், அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே பேசுவது எனக்குச் சிரமம். நீங்கள் கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். குரல் வரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை. அம்மா கட்டட வேலைக்குப் போகிறவள். "சோறு இருக்குது கண்ணு, போட்டுத் தின்னு" என்று சொல்லிவிட்டு இருட்டோடு கிளம்புவாள். திரும்பி வந்தால் கையில் சிமெண்ட் காய்ந்திருக்க, அப்படியே படுத்துவிடுவாள். என் பெயர் வடிவு என்பது சில நாட்களில் யார் வாயிலும் வராது.

முரளிதரன் எங்கள் வரிசையில் கடைசி வீடு. பழைய கார்களுக்குத் தரகு பேசுவான். ஒருமுறை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மேஸ்திரிக்குச் சொல்ல மளிகைக்கடை போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் பீடி வாங்கிக்கொண்டு நின்றான்.

"கண்ண மூடிட்டுக் கேட்டா காலேஜ் படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. நெசமாவே நீதான் பேசினியா?" என்றான்.

போனில் முகம் இல்லை. அதனால் குரல் வந்தது. எனக்கே அன்றுதான் தெரிந்தது.

முரளி எனக்குக் கொடுத்த வேலை எளிது. பத்திரிகையில் வரும் விளம்பரங்களில், தரகர் வேண்டாம் என்று போட்டிருப்பவர்களைத்தான் முரளி தேர்ந்தெடுப்பான். தரகனை நம்பாதவர்கள் தங்களை மிகவும் நம்புவார்கள் என்பான். போய்க் காரை ஓட்டிப் பார்ப்பான். நன்றாகப் பேரம் பேசுவான். பேரம் பேசாமல் வாங்குகிறவனைக் கண்டால்தான் சந்தேகம் வரும். பிறகு போலி டிமாண்ட் டிராஃப்டை நீட்டுவான். செக் என்றால் யாரும் யோசிப்பார்கள். டிராஃப்ட் என்றால் ரொக்கம் மாதிரி.

"சந்தேகம்னா பேங்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க சார், தப்பே இல்ல" என்று அவனே சொல்வான்.

டிராஃப்டோடு குத்தியிருக்கும் சீட்டில் எண் இருக்கும். அது மண்டி மொஹல்லாவில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் அறையின் எண். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு போன், நான். ஒரு வேலை முடிந்தால், போன் இருக்கிற வேறு அறையைப் பார்த்துக்கொள்வான்.

ஏமாறாமல் இருக்க அவர்கள் ஒன்றுதான் செய்திருக்க வேண்டும். டெலிபோன் டைரக்டரியை எடுத்து அந்த வங்கியின் எண்ணைத் தாங்களே தேடியிருக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் அது போனுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். யாரும் எடுக்கவில்லை. ஏமாற்ற வந்தவன் கொடுத்த எண்ணையே சுழற்றிப் பார்த்து நிம்மதி அடைந்தார்கள். இதை அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. நல்ல பதில் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

முதலில் ஒரு கல்லூரி விரிவுரையாளர். அடுத்து ஒரு காபித்தூள் கடைக்காரர். இருவரும் கேட்டதற்குப் பதில் கிடைத்ததும் வைத்துவிட்டார்கள். மூன்றாவதுதான் பட்டாபிராமன் சார்.

அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயலட்சுமிபுரத்தில் வீடு. பால் நிற ஃபியட். சனிக்கிழமை மதியம், வங்கிகளில் கதவை மூடிவிட்டு உள்ளே கணக்கு முடிக்கிற நேரம். முரளி அங்கே முன்னறையில் உட்கார்ந்திருக்க, அவர் எனக்குப் போன் செய்தார்.

"டிராஃப்ட் செக்‌ஷன், நமஸ்காரா. சைத்ரா மாத்தாடோது" என்றேன். அது முரளி கொடுத்த பெயர். பேசுவது சைத்ரா என்று கன்னடத்தில் சொன்னேன்.

அவரும் கன்னடத்தில் டிராஃப்ட் எண்ணைச் சொன்னார். நான் காகிதத்தைச் சலசலக்க வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் இருமினார். "இருடி, பாத்துண்டிருக்கா" என்று அவர் தமிழில் சொன்னது கேட்டது.

"சரியா இருக்கு சார், பணம் கட்டியாச்சு" என்று நான் தமிழில் சொன்னேன்.

அவரும் தமிழுக்கு மாறினார். "நீங்க தமிழா? எந்த ஊர்?"

"கொள்ளேகால் பக்கம் சார். கௌதள்ளி."

"அடடே. இவ்வளவு நாழி என் கன்னடத்தைச் சகிச்சுண்டியேம்மா. நம்ம பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்." சிரித்தார். "சாப்டாச்சா?"

தமிழில் பேசச் சொல்லி முரளி எனக்குச் சொல்லித் தரவில்லை. அதை நானாகச் செய்தேன். எழுதும்போது அதை என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முரளி சாயங்காலம் வந்து மேசை மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தான். "நீ தமிழ்ல பேசினதும் கிழவர் சாவிய என் கையில வெச்சிட்டாரு. ஆர்.சி. புக்கு, கையெழுத்துப் போட்ட பாரம், எல்லாம். உங்கம்மா உன்ன வாயில்லாப் பூச்சின்னு சொல்லிட்டுத் திரியுது பாரு." பிறகு, "நான் வண்டிய எடுத்துக்கிட்டுக் கேரளா போறேன். போன் ஒயரப் பிடுங்கிடு. ரூமுச் சாவிய ஓனர்கிட்ட குடுத்துடு. ஆயித்தா?" என்றான்.

சரி என்றேன். ஒயரைப் பிடுங்கினேன். சாவியைக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை போய் ஒயரை மறுபடி செருகினேன். பத்தரை வாக்கில் மணி அடித்தது.

"சைத்ராதானே? இந்த டிராஃப்ட்டை என் பேங்குல இன்னிக்குப் போட்டுடலாமோல்லியோ?"

போட்டால் அன்றோ மறுநாளோ தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவர் இந்த எண்ணுக்கு மறுபடி போன் செய்ய மாட்டார். செய்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். எனவே, இவ்வளவு பெரிய தொகைக்கு வெளியூர்க் கிளையிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும், அது வருவதற்குள் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பத்திரமாக வீட்டிலேயே வைத்திருங்கள், கடிதம் வந்ததும் நானே சொல்கிறேன் என்றேன். இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"நீ சொன்னா சரி. நேர்ல வந்துடலாம், ஆனா இப்போ காரும் இல்லே, இவளைத் தனியா விட்டுட்டு வரவும் முடியாது. தினம் போன் பண்ணிக் கேட்டுக்கட்டுமா? தொந்தரவா இருக்குமா?"

"இல்லை சார்" என்றேன்.

காரை ஏன் விற்றார் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் மனைவி வாலாம்பாள் மாமிக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. பெங்களூரில் ஆபரேஷன். முன்பணம் கட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தெரியும்.

பிறகு தினமும் பேசினார். முதலில் கடிதம் வந்ததா என்பார். வரவில்லை என்பேன். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு. அசோகபுரம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு என்ஜினுக்கு இவர்கள் வைத்திருந்த பெயர். ஃபியட்டில் மாமி உட்காரும் பக்கம் மட்டும் மெத்தை போட்டிருந்தது. பிள்ளை இல்லாததால் காரைத்தான் கொஞ்சினார்கள் என்று மாமியின் அண்ணன் மகன் மாதவ் கேலி செய்வது. நானும் சொன்னேன். எங்கள் ஊர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஆடு ஏற்றுவதைப் பற்றிச் சொன்னேன். அவர் அப்படிச் சிரித்தார். நான் சொன்னதற்கு ஒருவர் சிரிப்பதை அதற்கு முன் கேட்டதில்லை.

புதன்கிழமை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. திருச்சியில் இருக்கும் அவர் மைத்துனர், மாதவின் அப்பா, நகைகளை அடகு வைத்து முன்பணத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். டிராஃப்ட் மாறியதும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றாராம்.

"வாங்கிடட்டுமா? நீ என்ன சொல்றே?"

என்னிடம் கேட்டார். அதுவரை ஒருவரும் ஒரு காரியத்தில் என்னிடம் கேட்டதில்லை. நான் யோசித்தேன். பணம் கிடைத்தால் அவர்கள் பெங்களூருக்குப் போய்விடுவார்கள். அங்கே மாதக்கணக்கில் இருப்பார்கள். போன் வராது.

"எதுக்கு சார் அடுத்தவங்க நகைய அடகு வெச்சுக்கிட்டு? பணம் வந்த மாதிரிதான். ஆஸ்பத்திரில ஒரு வாரம் தள்ளிக் கேளுங்க, குடுப்பாங்க" என்றேன்.

"அதுவும் சரிதான். அவாத்து நகை, கை நீட்டினா காலத்துக்கும் பேச்சுக் கேக்கணும்" என்றார்.

தேதியைத் தள்ளிக் கேட்டார். கொடுத்தார்கள். இந்த வாரமே செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக அவர் என்னிடம் சொல்லவில்லை. சீக்கிரம் என்றுதான் சொல்லியிருந்தார். சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மாமியே போனை வாங்கினார்.

"நீதானா அந்தப் பொண்ணு? மாமா கார்த்தாலேர்ந்து உன் புராணம்தான் பாடறார். நான் இருமினாக்கூட, இரு, சைத்ராகிட்ட கேக்கறேங்கறார்."

சிரிக்க முயன்றார், மூச்சு போதவில்லை. ஒவ்வொரு நாலைந்து வார்த்தைக்கும் நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் உள்ளே காற்று இழுக்கும் சத்தம் கேட்டது.

"தசராவுக்கு கொலு வெப்பேன். ஆத்துக்கு வா. சுண்டல் தரேன். கூச்சப்படாதே, என்ன?"

"வரேன் மாமி. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றேன்.

அதை மனதாரத்தான் சொன்னேன். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, எந்தப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு போகலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். டிராஃப்டைப் பற்றி நினைக்கவில்லை. அது முரளியின் விஷயம்.

புதுத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மணி அடித்தபோது, கடிதம் வந்ததா என்று அவர் கேட்கவில்லை.

"சைத்ரா. மாமி போயிட்டா. கார்த்தால காபி கலந்து எடுத்துண்டு போறேன், கண்ணு திறக்கலே. உன்னண்டை சொல்லணும்னு தோணித்து."

நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவர்தான் என்னைத் தேற்றினார். "அழாதேம்மா, வேலைல இருக்கே, யாராவது பாக்கப்போறா" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமி இறக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. மாமி இல்லாவிட்டால் அவர் இன்னும் அதிக நேரம் பேசுவார் என்று மட்டும் நினைத்ததுண்டு. அது மாமி சுண்டல் தருவதாகச் சொல்வதற்கு முன்பு. இரண்டும் ஒன்றல்ல.

காரியம் எல்லாம் முடியும்வரை போன் வரவில்லை. நான் தினமும் அறைக்குப் போய் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அப்போதே நான் போயிருக்கலாம் என்கிறீர்கள். எங்கே போவது?

அந்த நாட்களில்தான் காரியத்துக்கு வந்திருந்த மாதவ் டிராஃப்டைப் பார்த்திருக்கிறான். எடுத்துக்கொண்டு உண்மையான வங்கிக்குப் போயிருக்கிறான். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் மணி அடித்தது. பட்டாபிராமன் சார்தான். குரல் கரகரவென்று இருந்தது. சாதாரணமாகத்தான் பேசினார். மாமியின் புடவைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். ஒர்க்‌ஷாப் கதை ஒன்றைச் சொன்னார், பாதியில் மறந்துபோய் வேறொன்றைச் சொன்னார். உன் அம்மா என்ன பண்றா என்று கேட்டார். சொன்னேன். பள்ளிக்கூடத்தில் குரல் வராமல் நின்றதைக்கூடச் சொன்னேன், ஒருவரிடமும் சொல்லாததை. நான் வைத்துவிடட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "இரேன், இன்னும் கொஞ்ச நாழி பேசேன்" என்றார். அவ்வளவு நேரம் அவர் என்றைக்கும் பேசியதில்லை. வாழ்க்கையில் அதுதான் எனக்கு நல்ல நாள் என்று சொல்வேன்.

படியில் உங்கள் ஆட்களின் பூட்ஸ் சத்தம் கேட்டபோதும் ரிசீவர் என் காதில்தான் இருந்தது.

போலியான வங்கிக்காரி நான்தான். டிராஃப்டைப் போடாதீர்கள் என்றது நான். கடன் வாங்காதீர்கள் என்றதும், ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கள் என்றதும் நான். முரளிக்கு இதில் பங்கில்லை, அவனுக்குக் கார் மட்டும்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன ஒன்று மட்டும் சரியில்லை. நாங்கள் போய்ச் சேரும்வரை அவளைப் பேச்சில் வைத்திருங்கள் என்று நீங்கள் சொன்னதால்தான் நேற்று அவர் அவ்வளவு நேரம் பேசினார் என்கிறீர்கள். நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவில் அவர், "வானம் இருட்டிண்டு வரது, குடை எடுத்துண்டு வந்தியோ?" என்று கேட்டார். அதை நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். போலீசுக்காகப் பேசுகிற ஒருவர் குடையைப் பற்றிக் கேட்க மாட்டார்.