கிறகோரியின் குருசு

— கையை எடு, கிறகோரி. சுண்ணாம்பு ஈரம்.

— இது என்ர பேரெல்லே, மதலேனக்கா.

— உன்ர பேர்தான். வருஷாவருஷம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல்நாள் இந்தச் சேமக்காலைக்கு வந்து, உன்ர கல்லறைக் குருசுக்குச் சுண்ணாம்பு பூசி, பேரைக் கறுப்புப் பெயின்றால திருப்பி எழுதிறது நான்தான். என்ன, எழுத்து வடிவில்லையோ?

— உள்ளுக்க என்னத்தைத் தாட்டனீங்கள்?

— உன்ர நீலச் சேட்டும் ஒரு சாரமும். அறுபத்திநாலு புயலுக்குப் பிறகு ஹாபர் முழுக்கத் தேடினவங்கள். உன்ர மீன்பிடி வத்தை கவிண்டு கிடந்தது, உன்னைக் காணேல்லை. உடுப்பையாவது வைச்சுச் செபம் சொல்லி மந்திரிப்பம் எண்டு பங்குச் சுவாமி சொன்னார். உன்ர பெண்சாதி எமில்டாவுக்குப் பக்கத்தில தாட்டனாங்கள்.

— நான் அண்டைக்குக் கடலுக்கே போகேல்லை.

— தெரியும். கள்ளுத் தவறணையில விழுந்து கிடந்தனீ. புயலில வீட்டுச் சுவர் விழேக்க என்ர தங்கச்சி எமில்டா உங்கட நாலு வயசுப் பிள்ளையைத் தனக்குக் கீழ வைச்சுக்கொண்டு செத்தவள். நீ வெறி முறிஞ்சு வந்து பாத்திட்டு, கிடைச்ச லொறியில ஏறி ஓடினனீ.

— ஆர் சொன்னது?

— லொறிக்கார அருளம்பலம். கொழும்பில ஒரு சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில நீ கிடந்ததைக் கண்டவராம். நீயே வெறியில எல்லாத்தையும் சொல்லி அழுதனியாம். அவர் வந்து சொல்லேக்க, பிள்ளை இந்தக் குருசுக்கு மெழுகுதிரி கொளுத்தப் பழகிட்டுது.

— தெரிஞ்சும் ஏன் குருசைப் பிடுங்கேல்லை?

— பிடுங்கிப்போட்டு என்னத்தைச் சொல்ல? உன்ர அப்பா சாகேல்லை, கானடியில கிடக்கிறார் எண்டோ? கடலில போன தகப்பன் எண்டால் ஒரு மரியாதை. அருளம்பலத்தைக் கையெடுத்துக் கும்பிட்டனான், வாயைத் திறவாதேங்கோ எண்டு.

— அந்தக் கிறகோரி இப்ப இல்லை அக்கா. ரெண்டு வருஷமா ஒரு துளி தொடேல்லை. கொழும்பில ஒரு சபை என்னைத் தூக்கியெடுத்தது. கடலில முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தனான். கர்த்தர் என்னைப் புதுச் சிருஷ்டியாக்கினார், ஸ்தோத்திரம்.

— எங்களுக்கு ஆண்டவர், உனக்குக் கர்த்தரோ? ஆளும் புதுசு, பாஷையும் புதுசு. சின்னனில சுவாமி உன்ர தலையில ஊத்தின தண்ணி போதாமலே கடலுக்க இறங்கினனீ?

— சிரியுங்கோ. தண்ணிக்குள்ள போனவன் ஒருத்தன், எழும்பினவன் வேற ஒருத்தன். பழையவன் அங்கயே செத்துப்போனான்.

— செத்துப்போனானோ?

— ஓம் அக்கா, சத்தியமா.

— அப்ப நல்லதாப் போச்சு. குருசில இருக்கிறது பொய்யில்லை. செத்தவன் இஞ்ச கிடக்கிறான், அவன்ர பிள்ளையை நான் வளக்கிறன். நீ புது ஆள். புது ஆளுக்கு இஞ்ச ஏது பிள்ளை?

— அப்பிடிக் கதையாதேங்கோ.

— நீதானே சொன்னனீ. பாவமெல்லாம் பழையவன்ர, பிள்ளை மட்டும் புதியவன்ரயோ? எமில்டா செத்தது ஆரால?

— என்னால. அதை நான் எங்கயும் மறைக்கேல்லை. கர்த்தர் மன்னிச்சார் எண்டு நம்புறன். எமில்டா மன்னிச்சாளோ தெரியாது.

— நான் மன்னிக்கேல்லை. மன்னிக்கவும் மாட்டன்.

— உங்களிட்ட அதைக் கேக்க வரேல்லை. பிள்ளையை ஒருக்காப் பாக்க வந்தனான்.

— பாத்திட்டு? வாற ஞாயிறு அவளுக்கு உறுதிபூசுதல். பிஷப் ஆண்டவர் வாறார். கடலில தகப்பனைக் குடுத்த பிள்ளை எண்டு ஊரே தலையைத் தடவுது. நாளைக்கு என்ன சொல்லுவாங்கள்? குடிகாரன்ர பிள்ளை, தாயைச் சாகவிட்டவன்ர பிள்ளை எண்டுவாங்கள். உன்ர மனம் ஆற அவள் அதைச் சுமக்கவேணுமே? கிணத்தடிக்குத் தண்ணிக்குப் போயிருக்கிறாள். வரமுன்னம் போ.

— நான் போனால், நாளைக்கும் அவள் செத்தவனுக்கெண்டு மெழுகுதிரி கொளுத்துவாள்.

— கொளுத்தட்டும். உன்னைத் தூக்கியெடுத்தது சபை எண்டே நினைக்கிறாய்? இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை இதில முழங்காலில நிண்டு, உத்தரிக்கிற ஸ்தலத்தில இருந்து அப்பாவை எடுத்துவிடும் ஆண்டவரே எண்டு கேட்டது.

— எனக்காகவோ?

— வேற ஆருக்கு? நீ நெருப்புக்க கிடக்கிறாய் எண்டு நினைச்சு அழுதது.

— கிடந்தனான்தான் அக்கா.

— அந்தா, மதிலுக்கு அங்கால வாறாள். கண்ணைத் துடை. அவளுக்கு என்ன சொல்லப்போறாய்?

— நீங்கள் சொல்லுறதையே சொல்லுறன். அவளுக்கு எது நல்லமோ அது நடக்கட்டும்.

— பெரியம்மா, இந்தாங்கோ வாளி. ஆர் இவர்?

— வழி தெரியாமல் வந்தவர், புஸ்பம். நிலாவெளி பஸ் எங்க நிக்கும் எண்டு கேட்டவர்.

— ஓம் தங்கச்சி. பஸ்ஸுக்குத்தான் கேட்டனான். நான் போறன்.

— பஸ் கேட்டு வந்தவற்ர கையில என்னெண்டு சுண்ணாம்பு பட்டது?

— விடு பிள்ளை. தடக்குப்பட்டுக் குருசைப் பிடிச்சவர்.

— நான் வாளியோட மதிலுக்கு அங்கால கனநேரம் நிண்டனான் பெரியம்மா. எல்லாம் கேட்டனான். பெயின்ற் ரின்னை மூடுங்கோ. சுண்ணாம்புப் பிறஸைத் தாங்கோ.

— அவசரப்படாதே புஸ்பம். உனக்கு இந்த ஆளைத் தெரியாது.

— தெரியாதுதான். இவரிலயும் எனக்குக் கோபம், உங்களிலயும் கோபம். அதை வீட்டில கதைப்பம். அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, அந்தப் பேருக்கு மேல சுண்ணாம்பு பூசவேணும்.