பழசு மேசையில் பிரஷ்யப் படை

பொம்மைச் சிப்பாய் வாங்கப் போகிறவன் பெரிய பை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பெரிய பை இருந்தால் அது நிரம்பாமல் வீடு திரும்பாது. முப்பத்தோரு வருஷமாக நான் மான்ஸ்ஃபீல்ட் கண்காட்சிக்குச் சாப்பாட்டு டப்பா கொள்ளுகிற அளவு பையோடுதான் போய் வருகிறேன். வாங்குவது கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்கள், அதற்கு அந்த இடம் போதும். போன வருஷம் மே மாதம் மட்டும் நான் இரண்டு பெரிய மரப்பெட்டிகளோடு வந்தேன் என்று கண்காட்சியில் மேசை கவனிக்கிற மாரீன் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான், மேடம். ஆனால் அன்றைக்கு நான் வாங்கப் போகவில்லை, விற்கப் போனேன். பெட்டிகளும் என்னுடையவை அல்ல.

அவை வில்ஃப் டன்னிக்ளிஃப்புக்குச் சொந்தமானவை. வில்ஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு இருந்த ஒரே சிநேகிதர். நான் நகரசபை வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் நாங்கள் போர் தொடங்குவோம். ஒரு பழைய கதவை முக்காலிகள் மேல் கிடத்தி, பச்சைத் துணி விரித்தால் அதுதான் களம். நெப்போலியன் காலத்துப் போர். அவர் பிரஷ்யா, நான் பிரான்ஸ். அவருடைய சிப்பாய்களின் சட்டைப் பொத்தானைக்கூட ஒவ்வொன்றாக வர்ணம் தீட்டியிருப்பார். என் கைவேலை அவருக்குத் தீராத வேடிக்கை. "என்னடா கீத், உன் குதிரைக்காரனுங்க எல்லாம் பல்லு வலி வந்த மாதிரியே மூஞ்சிய வெச்சிருக்கானுங்க" என்பார். ஆறாயிரம் தடவை சொல்லியிருப்பார். எனக்கு ஒரு தடவைகூடக் கசந்ததில்லை.

அவருக்கு ஒரு மகள் இருப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஹேசல். அவளுடைய அம்மா இறந்தது ஒரு கண்காட்சி நாளில். வில்ஃப் அரங்கத்துக்குள் குதிரைப்படைக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார், யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் இருந்தது இருபத்திரண்டு வயது ஹேசல் மட்டும்தான். அப்பா ஓடி வந்தபோது அவள் சத்தம் போடவில்லை. பையில் என்ன இருக்கிறது என்று கேட்டாளாம். இவரும் பைத்தியக்காரத்தனமாகத் திறந்து காட்டியிருக்கிறார். அடுத்த மாதமே அவள் கனடாவுக்குப் போய்விட்டாள். இருபத்து மூன்று வருஷம் ஒரு கடிதம் இல்லை.

ஆனால் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருஷா வருஷம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்காட்சிக்கு வந்தவள் அவள். அதனால் என்றைக்காவது அப்பாவைத் தேடினால் வீட்டுக்கு வர மாட்டாள், அங்கேதான் வருவாள் என்று வில்ஃப் நம்பினார். வீடும் மாறிவிட்டதே. கண்காட்சியில் அவர் கடைகளைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம். கரித்தூசி நுரையீரலைத் தின்று, நாலு தெரு நடக்க முடியாமல் போனதும் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார். "வாசப்பக்கமா ஒரு கண்ணு வெச்சிக்கடா" என்பார். நானும் வைத்துக்கொண்டேன். அதில் நான் ஏமாற்றியதில்லை.

போன வருஷம் மார்ச்சில் அவர் படையை விற்றுவிடச் சொன்னார். கண்ணில் புரை விழுந்திருந்தது, கையும் நடுங்க ஆரம்பித்திருந்தது. நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடு, எனக்கு இனிமேல் ஆகாது என்றார். படை போனால் சனிக்கிழமை போகும். சனிக்கிழமை போனால் எனக்கு வேறு கிழமை கிடையாது. சரி என்றுதான் சொன்னேன், மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

கண்காட்சியில் பழசு மேசை என்று ஒன்று உண்டு. வேண்டாததைக் கொண்டுவந்து, பெயரும் விலையும் எழுதிய சீட்டோடு வைத்துவிட்டால் கண்காட்சி நடத்துகிற எங்கள் சங்கத்துக்காரர்கள் விற்றுக் கொடுப்பார்கள். மாரீன்தான் இருபது வருஷமாக அதைக் கவனிக்கிறாள். நான் சீட்டில் வில்ஃப்பின் பெயரை எழுதினேன். புத்தி சரியாக இருக்கிற எவனும் கொடுக்க மாட்டாத விலையையும் எழுதினேன். இந்த ஒன்றை நான் தெரிந்தே செய்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மேசைக்கு வருவதெல்லாம் அரைகுறைதான். வர்ணம் அடிக்காதது, கால் உடைந்தது, பாதியில் சலித்துப்போனது. கொடி, தளபதி, பீரங்கி வண்டி எல்லாமாகச் சேர்ந்து, முழுக்க வர்ணம் தீட்டிய படை ஒரே ஆளின் பெயரில் வந்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். உயிரோடு இருக்கிற எவனும் அதை விற்க மாட்டான். பக்கத்தில் நிற்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், சிலர் தொப்பியைக் கழற்றுவார்கள். எனக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்கு என் தலையில் விலை ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மாரீன் சீட்டைப் படித்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"எப்போ கண்ணு?"

"மார்ச்சுல" என்றேன்.

விற்க முடிவு செய்தது எப்போது என்று கேட்கிறாள் என நினைத்தேன், மேடம். சத்தியமாக. அவள் கண் கலங்கி, தங்கமான மனுஷன் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. திருத்த வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தேநீர் வந்தது, கேக் வந்தது. பெயர் தெரியாதவர்கள் வந்து தோளைத் தட்டினார்கள். முப்பது வருஷமாக அந்த அரங்கத்தில் என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் கொஞ்சம் நகருங்கள் என்று சொல்லத்தான் பேசியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒருவர் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். கேக்கைக் கையில் வைத்தபடியே தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் வில்ஃப்புக்கான துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மாரீன் ஒரு பெண்ணின் தோளை அணைத்தபடி கூட்டி வந்தாள். பெண்ணின் முகம் ஏற்கெனவே அழுது வீங்கியிருந்தது. அப்பா செத்துவிட்டார் என்று ஹேசலிடம் சொன்னது மாரீன், நான் அல்ல. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஹேசல் படையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கீழ்த்தளத்தில் அப்பாவுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருப்பதாகவும், கையோடு கூட்டிப்போகத்தான் வந்ததாகவும் சொன்னாள். கனடாவுக்கு. நான் தலையாட்டினேன். அந்த நிமிஷம் வரைக்கும் நான் உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாருங்களா?" என்று கேட்டாள்.

"அவரு அதிகம் பேச மாட்டாரும்மா" என்றேன்.

அது பொய்யில்லை. ஆட்டம் நடக்கும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை.

கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றாள். சாம்பலைத் தூவியாயிற்று என்றேன். அதுதான் பொய், ஒரே ஒரு பொய். அவள் மனசு ஆறட்டும் என்று படையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முரசு அடிக்கிற சிப்பாயை எடுத்தாள். சின்ன வயதில் முரசுக்குச் சிவப்பு அடிப்பது அவள் வேலையாம். திங்கள் காலை வரை தங்கியிருக்கிற ஹோட்டலின் பெயரையும் கனடா முகவரியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா தனக்கென்று ஏதாவது எழுதி வைத்திருந்தால் அனுப்பச் சொன்னாள்.

ஆறு மணிக்கு வில்ஃப் வீட்டில் பெட்டிகளை இறக்கினேன். விற்கவில்லை என்றதும் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். கையால் தடவித் தடவி ஒவ்வொரு வரிசையாக அடுக்கினார்.

"அவ வந்தாளாடா?"

"இல்ல."

"வாசலைப் பாத்துட்டு இருந்தியா?"

"பாத்துட்டேதான் இருந்தேன், வில்ஃப்."

கொடிக்காரனை வரிசையில் நேராக நிறுத்தினார். பிறகு, படைதான் திரும்பி வந்துவிட்டதே, வருகிற சனிக்கிழமை வா, உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்றார். சிரித்தார். அவர் சிரித்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிட்டது, முரசுக்காரன் ஒருத்தன் குறைகிறான் என்று. வழியில் எங்கேயோ விழுந்திருப்பான் என்றேன். ஒரு வாரம் தரையெல்லாம் தடவித் தேடினார்.

திங்கட்கிழமை காலை நான் வீட்டில்தான் இருந்தேன். ஹோட்டலுக்குப் பத்து நிமிஷ நடை. அந்தப் பெண்ணுக்கு அவர் வேண்டுமென்றால் இருபத்து மூன்று வருஷம் எங்கே போயிருந்தாள் என்று யோசித்துக்கொண்டே இரண்டு கோப்பை தேநீர் குடித்தேன். விமானம் போகிற நேரமும் போயிற்று.

அப்புறம் பதினெட்டு மாதம் அவர் செத்துப்போனவராக இருந்தார். அதில் சிரமமே இருக்கவில்லை, மேடம். யாரும் அவரைப் பார்க்க வரவில்லை. வாரத்தில் ஒருநாள் தெருமுனைத் தபாலாபீசுக்குப் போய் ஓய்வூதியம் வாங்கி வந்தார், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். எங்கள் சங்கத்துக்காரர்கள் அந்தத் தெரு வழியாகத்தான் பஸ் பிடிக்கப் போகிறார்கள். ஒருவர்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்த வருஷக் கண்காட்சியில் அவருக்காக ஒரு நிமிஷம் மௌனம் இருந்தார்கள். அவர் பெயரில் ஒரு பரிசுக் கோப்பை வைத்து, அதை என் கையால் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிப் போயிருந்தேன், இரண்டு பேரும் காகிதத்திலேயே வைத்துச் சாப்பிட்டோம். கழுத்தில் டை எதற்குடா, பொண்ணு பாக்கப் போனியா என்று கேலி செய்தார். ஹேசல் வந்தாளா என்றும் கேட்டார். அந்தத் தடவை இல்லை என்று சொன்னது முழு உண்மை.

இனி நவம்பர் பதினாலுக்கு வருகிறேன். அதைப் பற்றித்தானே நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்.

சனிக்கிழமை. ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவருடைய காலாட்படை என் இடது பக்கத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. அவர் பகடை எறிய வேண்டிய முறை. எடுத்தார், அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எங்கள் சங்கத்தில் தரையில் விழுந்த பகடை செல்லாது, திரும்ப எறிய வேண்டும். நான் குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். மறுபடி விழுந்தது. செல்லாது என்று சொல்லி மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவையும் விழுந்தபோதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். வரி அலுவலகத்தில் முதலுதவி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன் நான்.

தொலைபேசி கூடத்தில் இருந்தது. எழுந்து போய் அதன் பக்கத்தில் நின்றேன். அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். சொந்தக்காரர்கள் யார் என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள். அவருக்குப் பேச்சு வந்தால் ஒரே பெயரைத்தான் சொல்வார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கெட்டிக்காரர்கள், இரண்டு நாளில் கனடாவில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் வருவாள். நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துபோகும். அதற்கப்புறம் அவர் என் மூஞ்சியில் விழிப்பாரா? கூடத்தில் நின்று இதைத்தான் யோசித்தேன். அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று யோசிக்கவில்லை. இதைக் கேட்டால் உங்களுக்கு என் மேல் வெறுப்பு வரலாம். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"யாரை...யாவது... கூப்பிடுடா" என்றார். கஷ்டப்பட்டுத்தான் சொன்னார், ஆனால் தெளிவாகவே கேட்டது.

"நான் இருக்கேன்ல, வில்ஃப்" என்றேன்.

அவருக்குக் கம்பளி போர்த்திவிட்டேன். அவர் பங்குப் பகடையை நானே எறிந்தேன், ஒன்றில்கூட ஏமாற்றவில்லை. ஐந்தரை மணிக்கு அவருடைய பிரஷ்யர்கள் கிராமத்தைப் பிடித்தார்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று காதருகே சொன்னேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆறே முக்காலுக்கு மூச்சு நின்றது. ஏழு மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டு, இப்போதுதான் வந்தேன், இப்படிக் கிடக்கிறார் என்று சொன்னேன். இரண்டாவது பொய் அது. உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று டாக்டர் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். ஆக, அவர் சாகட்டும் என்று மூன்றே முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஊர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்பு கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது, ஆனால் அறிவிப்புகூட இல்லாமல் அவரை அனுப்ப மனசு கேட்கவில்லை. ஹேசலுடன் பள்ளியில் படித்தவள் யாரோ அதை வெட்டி அனுப்பியிருக்கிறாள். தேதியைப் பார்த்துவிட்டு ஹேசல் இந்தப் போலீஸ் நிலையத்துக்கே வந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பாவம், அவளுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்.

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள். என்னை உள்ளே வைத்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று இந்தத் தாளில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதை அப்படியே விட வேண்டாம். ஹேசல் என்று எழுதுங்கள். அப்பாவோடு கடைசிவரை இருந்தவன் நான் ஒருத்தன்தான், அவள் என்னைப் பார்க்க வராமல் இருக்க மாட்டாள்.