கடலுக்கு முதுகு காட்டுற வீடு

அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. இந்தப் பக்கவாட்டுச் சன்னல்ல தலைய நீட்டினா தூரத்துல கடல் தெரியும்னு இன்னொரு வாட்டி சொன்னீங்க, நான் இப்படியே கீழ எறங்கிப் போயிருவேன். வேணாம்னுதானே வந்திருக்கேன்! கடலே தெரியாத வீடு, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிற வீடு, அதத்தான் கேட்டேன். காலையில போன்லயும் அதத்தான் சொன்னேன். வீட்டுத் தரகு பாக்குறவருக்குக் காது வேணாமா?

சிரிக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே வாயால வேற மாதிரி கேட்டேன், ஒத்துக்கிறேன். எங்க வீட்டுக்காரருக்குத் துறைமுக ஆபீசுக்கு மாத்தலாகி வந்து எறங்கின புதுசு. பொறந்ததுலேர்ந்து புழுதியத் தவிர எதையும் பாக்காத சனம் நாங்க. படுத்தா கடல் தெரியணும், அடுப்படியில நின்னா கடல் தெரியணும், பல்லு வெளக்கும்போது கூடக் கடல் தெரியணும்னு ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டுக் கேட்டோம். கேட்டா? நீங்க என்ன சொல்லியிருக்கணும்? அம்மா, ஊருக்குப் புதுசு, ஒரு மழைக்காலம் இருந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்? கண்ணத் தொறந்தா கடல், கண்ண மூடினா அலைன்னு தாலாட்டுப் பாடிச் சாவியக் கையில திணிச்சிட்டீங்க.

சரி, உங்க வீடு எங்க இருக்கு? இல்ல, சொல்லுங்களேன். மார்க்கெட்டுக்குப் பின்னால, ஐஸ் கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே? மீன் விக்கிற அம்மா சொல்லிருச்சு. கடலப் பாத்துச் சன்னல் வச்ச வீட்டுல குடியிருக்கிறது பூராவும் வெளியூர்க்காரங்களாம். உள்ளூர்க்காரங்க அந்தப் பக்கம் ஒரு ஓட்டை கூட விடாமச் சுவரா எழுப்பிருவாங்களாம். நல்லா இருக்குண்ணே உங்க நியாயம்.

சமையலறைய அப்புறம் பாத்துக்கிறேன். மொதல்ல இந்தச் சுவரு எந்தப் பக்கம், கடல் பக்கமா? சன்னல் இல்லையே? ரொம்ப நல்லது. இருட்டா இருந்தா இருக்கட்டுமே, லைட்டப் போட்டுக்கிறேன். தாப்பா அலுமினியமா? அதுவும் நல்லது. என் தையல் மிஷின் இந்த மூலையிலதான் வரும்.

ஆமா, தைக்கிறேன். ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கு வெள்ளைக் கோட்டு. அந்த வீட்டுல ஊசிய அப்படியே மிஷின்ல விட்டுட்டுப் படுத்தா விடியறதுக்குள்ள துரு. போன மாசம் குடுத்த கோட்டுல தையல் ஓடின வழியெல்லாம் பழுப்புப் புள்ளி. பெரிய நர்சம்மா எல்லார் முன்னாடியும் விரிச்சுப் போட்டு, ஏம்மா, இது என்ன ரத்தமான்னு கேட்டாங்க. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. அழுதுக்கிட்டே வந்து இவருகிட்டச் சொன்னா, நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல மனுஷன். இனிமே பழுப்புத் துணியில தைச்சுக் குடேன்னாரு. நர்சுக்குப் பழுப்புக் கோட்டு!

மிஷின் மட்டுமா? அடுப்பு பர்னரு கையில உதிருது. பிரிட்ஜுக்கு அடியில ஓட்டை விழுந்து எறும்பு குடித்தனம் நடத்துது. துவைச்ச துணி காஞ்சும் காயாம, உடுத்தினா பிசுபிசுங்குது. சன்னல் கண்ணாடியக் காலையில தொடைச்சா மத்தியானத்துக்குள்ள மாவு பூசின மாதிரி உப்பு. தொடைக்கிறது யாரு? நான். பாக்குறது யாரு? அவரு.

ஏண்ணே, சாரு வரலையான்னு எத்தனை தடவ கேப்பீங்க? நான் பாத்தாப் போதாதா? போன எடுக்காதீங்க. உள்ள வைங்கன்னேன். அவருகிட்டக் கேட்டு ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல.

கெட்டவரு இல்லண்ணே. குடி கிடையாது, ஒரு நாள் கை நீட்டினது கிடையாது. பழைய ஊர்ல எனக்கு ஒரு தலைவலின்னா ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காந்திருப்பாரு. இங்க வந்துதான் இப்படி ஆயிட்டாரு. ஆபீஸ் விட்டு வந்தா பால்கனி நாற்காலி. டீயும் அங்கதான், சோறும் அங்கதான். கட்டிக்குடுத்த பொண்ணு போன் பண்ணினா என் மூஞ்சியக் காட்ட மாட்டாரு, போனக் கடல் பக்கம் திருப்பிருவாரு. நான் ஏதாவது பேச வாயத் தொறந்தா, ஷ், அந்த அலையப் பாருன்னுவாரு. வீட்ட மாத்தலாம்னு கெஞ்சியாச்சு, கத்தியாச்சு, ரெண்டு நாள் பட்டினியும் கிடந்தாச்சு. இந்த மாதிரிக் காட்சி திரும்பக் கிடைக்குமாடிங்கிறாரு. துருப்பிடிச்ச எதையும் மாத்தவும் விட மாட்டாரு. பெயிண்டு டப்பாவத் தூக்கிட்டு வந்து, சுரண்டக் கூடச் சுரண்டாம, துரு மேலயே ஒரு இழுப்பு இழுத்துட்டு, பாத்தியா, புத்தம் புதுசுன்னு பெருமை வேற.

மொட்டை மாடிக்கு எதுக்குப் போகணும்? அங்கேர்ந்து தெரியுமா? அடப் போங்கண்ணே! மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு மட்டும் போட்டுக் குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்.

சரி, இதையே முடிச்சிருங்க. சாவி இன்னிக்கே வேணும். நாளைக்கு, மறுநாளுங்கிற கதையெல்லாம் வேணாம். சாமான் பெருசா ஒண்ணும் இல்ல, மிஷினும் ரெண்டு பெட்டியும்தான். கட்டில் வராது, பீரோவும் வராது.

எத்தனை பேரா? ஒரு ஆளு. நான்தான், வேற யாரு?

ஏன் இப்படி முழிக்கிறீங்க? அவரு அங்கயே இருக்கட்டும். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நேத்து சாயங்காலம் பால்கனியில காயப்போட்ட துணிய எடுத்துக்கிட்டிருந்தேன். கடைசித் துணி எட்டல, கைப்பிடிக் கம்பியில சாஞ்சு எட்டினேன். அதுவும் அவரு பெயிண்டு அடிச்ச கம்பிதான். அப்படியே பேத்துக்கிட்டுக் கீழ போயிருச்சு. மூணாவது மாடிண்ணே. இடுப்புக்கு மேல வெளிய தொங்குறேன். கொடிக்கயிறு கையில ஆப்புட்டதாலதான் உங்க முன்னாடி நின்னு பேசுறேன். இதப் பாருங்க, உள்ளங்கையில கயிறு அறுத்தது.

அவரு ஓடி வந்தாரு, இல்லேங்கல. இழுத்து உள்ள உக்கார வச்சாரு, தண்ணி குடுத்தாரு. நான் தண்ணியக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறுபடியும் அந்த நாற்காலியில போய் உக்காந்தாச்சு. கடலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் திரும்பி, ஒரு விதத்துல நல்லதுதான்டி, இப்பத்தான் கம்பி மறைக்காம முழுசாத் தெரியுதுன்னாரு.